கட்டைப் பிரித்துச் சொல்லத் தெரியுமா?

கடைசி செமஸ்டர் முடிந்ததிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் என் போனுக்கு ஒரே மாதிரி செய்திகள் வரும். "மேடம், இன்டர்வியூவுக்குப் போறேன், என்ன படிக்கணும்?" "மேடம், ரெஸ்யூம் பாத்துச் சொல்றீங்களா?" "மேடம், நல்ல சீனியரா யாராவது இருந்தா சொல்லுங்க." திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர்கள், திருமலைசமுத்திரம் சாஸ்த்ராவில் படித்தவர்கள், வெளியூரில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. சொந்த ஊர் பாபநாசமோ மன்னார்குடியோ சீர்காழியோவாக இருக்கும். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கும்பகோணத்தில் பிராக்டீஸ் செய்கிறவள். பெரும்பாலும் சிவில்தான். பாகப்பிரிவினை, குத்தகை, வாய்க்கால் வரப்புத் தகராறு, அப்பப்போ மோட்டார் விபத்து வழக்கு. சென்னைப் பெரிய சட்ட ஃபர்ம்களின் வாழ்க்கை எனக்கு நேரடியாகத் தெரியாது. என்னிடம் ஜூனியராக இருந்துவிட்டு அங்கே போன பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

இன்டர்வியூ என்றதும் நம் பிள்ளைகள் இங்கிலீஷுக்குப் பயப்படுகிறார்கள், செக்ஷன் நம்பர் மறந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள், ஊர்ப்பேரைச் சொன்னால் இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்று பயப்படுகிறார்கள். ஆள் எடுக்க உட்காருகிறவர் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. ஆனால் அவர் மனசுக்குள் ஓடுவது ஒரே கணக்கு: இந்தப் பிள்ளையிடம் ஒரு கேஸ் கட்டைக் கொடுத்தால், படித்துவிட்டு வந்து யார், எப்போது, என்ன செய்தார், இப்போது கோர்ட்டில் என்ன கேட்கிறார் என்று முன்னுக்குப் பின் முரணில்லாமல் சொல்லுமா? சொல்லும் என்று தோன்றிவிட்டால் மற்றதைக் கற்றுக்கொடுத்துக்கொள்ளலாம். தோன்றாவிட்டால் எவ்வளவு பளபளப்பான ரெஸ்யூமும் உதவாது. சீனியர் வீட்டுத் திண்ணையிலும் சரி, சென்னையில் ஏசி போட்ட கான்ஃபரன்ஸ் அறையிலும் சரி, நான் கேள்விப்பட்ட வரைக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

நம்மூரில் ஜூனியராகச் சேருவதற்கு இன்டர்வியூ என்று யாரும் பெயர் வைப்பதில்லை. தெரிந்தவர் யாராவது போன் பண்ணுவார்கள்: "நம்ம பிள்ளை, பி.எல். முடிச்சிருக்கு, உங்ககிட்ட விடலாம்னு பாக்குறேன்." சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அப்பாவோ மாமாவோ கூட்டிக்கொண்டு வருவார்கள். கட்சிக்காரர்கள் போய் முடிகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டி வந்தவர்தான் பேசுவார். பிள்ளை தலையாட்டும். தயவுசெய்து தனியாக வாருங்கள். துணைக்கு ஆள் வந்தே தீரும் என்றால் வாசலோடு நிறுத்திவிடுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் பேசப் போவது நீங்களா, உங்கள் மாமாவா?

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அந்த நேரமே பாதி இன்டர்வியூ. குமாஸ்தா ஐயா தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும்போது நிமிர்ந்து பதில் சொல்கிறீர்களா, போனை நோண்டிக்கொண்டே தலையாட்டுகிறீர்களா என்பதை அவர் பார்த்து வைத்திருப்பார். நீங்கள் போனதும் நான் அவரிடம்தான் கேட்பேன். பல ஆபீஸ்களில் அப்படித்தான்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பதில்லை. அதற்குப் பதில் மனப்பாடம் ஆகியிருக்கும். முடிந்துபோன ஒரு பழைய வழக்கின் கட்டை எடுத்து, பெயர்கள் இருக்கிற பக்கங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு காகிதத்தை மட்டும் மேஜையில் வைப்பேன். ஒன்று ஐம்பதுகளில் எழுதிய கிரயப் பத்திரத்தின் நகல். இன்னொன்று இன்றைய பட்டா. பத்திரத்தில் நன்செய் மூன்று மா என்று இருக்கும், நான்கு பக்க எல்லையும் எழுதியிருக்கும். பட்டாவில் புல எண், உட்பிரிவு, 0.40.0 ஹெக்டேர் என்று இருக்கும். "ரெண்டும் ஒரே நிலமா?" இதுதான் கேள்வி.

சிலர் பத்திரத்தின் கையெழுத்தைப் பார்த்ததுமே விழிப்பார்கள். சிலர் போனை எடுத்துத் தேடுவார்கள், அது தப்பில்லை. கணக்கு சிரமமானதும் இல்லை. நம் பக்கத்தில் பொதுவாக நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. குழிக்கு 144 சதுர அடி என்று எடுத்தால் ஒரு மா 14,400 சதுர அடி, சுமார் 33 சென்ட். மூன்று மா என்றால் 99 சென்ட் சொச்சம். ஒரு ஹெக்டேர் 247 சென்ட், அப்படியானால் 0.40 ஹெக்டேர் 98.8 சென்ட். பரப்பு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. இவ்வளவு வரைக்கும் வந்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கேள்வி பரப்பைப் பற்றியது மட்டும் இல்லையே. பரப்பு ஒத்துப்போனால் அதே நிலம் என்று ஆகிவிடுமா?

ஒரு பெண் வந்திருந்தாள், திருவிடைமருதூர் பக்கம். கணக்கைப் போட்டு முடித்ததும் பென்சில் கேட்டாள். பத்திரத்தில் இருந்த நான்கெல்லையைக் கட்டம் போட்டு வரைந்தாள். வடக்கே வாய்க்கால், கிழக்கே கோயில் நிலம், தெற்கே இன்னாருடைய நிலம், மேற்கே பாதை. வரைந்துவிட்டு, "மேடம், வாய்க்காலும் கோயில் நிலமும் இடம் மாறாது. கிராம வரைபடத்துல இந்த சர்வே நம்பருக்கு வடக்க வாய்க்கால் இருக்கான்னு பாக்கணும். அப்புறம் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்ல கிழக்க இருக்குற நம்பர் கோயில் பேர்ல இருக்கான்னு பாக்கணும்" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இவங்க ஊர்ல குழிக்கு எந்தக் கோல்னு கேக்கணும்" என்று சேர்த்துக்கொண்டாள். ஊருக்கு ஊர் அளவுகோல் மாறும் என்பது எப்படித் தெரியும் என்றேன். தாத்தா அளப்பதைப் பார்த்திருக்கிறாளாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஏழாவது ஆர்டர் பதினோராவது ரூலை, அதாவது வழக்கு மனுவைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கிற விதியை, கேட்டபோது அவள் தடுமாறினாள். அதை அன்றைக்கு ராத்திரியே படித்துக்கொள்ளலாம். பென்சில் கேட்கிற புத்தியை ஒரு ராத்திரியில் படித்து வரவைக்க முடியாது. மறுநாளே வரச் சொல்லிவிட்டேன்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெல்டாப் பிள்ளைகள் இந்த அறிவை ஒரு சொத்தாக நினைப்பதே இல்லை. ரெஸ்யூமில் எந்த மூட் கோர்ட்டில் (மாணவர்களுக்கான மாதிரி வழக்காடும் போட்டி) கலந்துகொண்டோம் என்று எழுதுவார்கள், ஆன்லைனில் வாங்கின சான்றிதழ்களை வரிசையாகப் போடுவார்கள். வீட்டில் குத்தகை வழக்கு நடந்தபோது தாசில்தார் ஆபீஸுக்கு அலைந்ததையோ, சாகுபடி விவரம் உள்ள அடங்கல் வாங்கியதையோ, சார்-பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்ததையோ ஒரு வரிகூட எழுத மாட்டார்கள். மதுரையிலும் சென்னையிலும் மேல்முறையீடு நடத்துகிற வக்கீல்களுக்குப் பழைய தமிழ்ப் பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொண்டு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிற ஜூனியர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கீழ்க்கோர்ட்டில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. மேலே போகும்போது அத்தனையும் இங்கிலீஷில் போக வேண்டும். "எனக்கு இது வரும்" என்று சொல்லுங்கள். சும்மா சொல்லாமல், நீங்களே எழுதிய இரண்டு பக்கத்தை எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

நிலம் சம்பந்தமான சட்டத்திலும் நம் மண்ணுக்கென்றே சில இருக்கின்றன. தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. 1955-இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். குத்தகைதாரரை வெளியேற்ற வேண்டும் என்றால் நேரே முன்சீப் கோர்ட்டுக்குப் போகமுடியாது, வருவாய் நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது. இதைக்கூடத் தெரியாமல் டெல்டாவில் சிவில் ஜூனியராகச் சேர வருகிறார்கள். கோயில் நிலமும், தருமபுரம், திருவாவடுதுறை போன்ற ஆதீனங்களின் நிலமும் இங்கே ஏராளம். அறநிலையத் துறைச் சட்டம், 1959, முப்பத்து நான்காம் பிரிவைப் படித்துவிட்டுப் போங்கள்: கோயில் நிலத்தை விற்கவோ, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். யாராவது கேட்டே தீருவார்கள்.

நான் எல்லோரிடமும் கேட்கிற இன்னொரு கேள்வி: கும்பகோணம் சப் கோர்ட் வழக்கு இரண்டாம் மேல்முறையீட்டுக்குப் போனால் எந்த ஊருக்குப் போகும்? மதுரைக்கு. அதே மாதிரி வழக்கு திருவாரூரில் நடந்திருந்தால்? சென்னைக்கு. 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கியபோது தஞ்சாவூர் மாவட்டம் அங்கே போனது. திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையோடு நின்றுவிட்டன. பிற்பாடு நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் சென்னைதான். கும்பகோணத்திலிருந்து வலங்கைமானுக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம், ஆனால் அந்த ஊர் திருவாரூர் மாவட்டம். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களின் அப்பீல் எதிரெதிர் திசையில் ரயில் ஏறும். எந்த ஊரில் ஜூனியராகச் சேருவது என்று முடிவெடுக்கும்போது இதையும் யோசிக்க வேண்டும். தஞ்சாவூரில் சேர்ந்தால் நாளடைவில் மதுரை வக்கீல்களோடு பழக்கம் வரும். மயிலாடுதுறையில் சேர்ந்தால் சென்னைப் பழக்கம்.

சரி, காசு.

இதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. சீனியரும் சொல்ல மாட்டார், ஜூனியரும் கேட்காது. மாதக் கடைசியில் ஒரு கவர் வரும், அல்லது வராது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் ஒரு உத்தரவு போட்டது: ஜூனியர் வக்கீல்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை என்று, வக்கீல்களைப் பதிவு செய்கிற மாநில பார் கவுன்சில் சுற்றறிக்கை விட வேண்டும். அதே வருஷம் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. டெல்டாவில் பதினைந்தாயிரம் முழுசாகக் கொடுக்கிற ஆபீஸ் எத்தனை என்று கேட்டால், கேட்கிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் தஞ்சை ஜில்லாக்காரர். சின்ன வயசில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்தவர். இந்தக் கதையைச் சொல்லியே ஜூனியருக்குக் காசு கொடுக்காத சீனியர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து ஒரு ரூபாயில் பஸ் பாஸ் வாங்க வேண்டியிருக்கவில்லை.

எப்படிக் கேட்பது? சேருகிற அன்றைக்கே கேளுங்கள். "மேடம், வர்றேன். வீட்டுல இருந்து தினமும் பஸ்ல வரணும், மாசம் எவ்வளவு தருவீங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்." இவ்வளவுதான். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற சீனியரிடம் சேராமல் இருப்பதே நல்லது. தொகை குறைவாகச் சொன்னால், "ஆறு மாசம் கழிச்சு மறுபடி பேசலாமா?" என்று கேட்டு வையுங்கள். அப்புறம் ஆறு மாதம் கழித்து மறக்காமல் பேசுங்கள். காசே தராமல் ஆனால் வேலையை நிஜமாகவே கற்றுக்கொடுக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு வாதம் வரும். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அப்பா வயலை நம்பி இருக்கிற வீட்டுப் பிள்ளையால் மூன்று வருஷம் அங்கே இருக்க முடியாது. வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நல்ல சீனியரிடம் தங்கிக் கற்றுக்கொள்வதும், மற்றவர்கள் பாதியில் ஏதாவது கம்பெனி வேலைக்குப் போவதும் இப்படித்தான் நடக்கிறது.

கம்பெனி வேலையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. முழுநேரச் சம்பளத்துக்குப் போய்விட்டால் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது, பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இதைப் பலர் காற்றில் விட்டுவிடுகிறார்கள். இப்போது அது வேறு விதத்திலும் கடிக்கும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதுவரை நம் மாநிலத்தில் படித்து முடித்த கையோடு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அந்தத் தேர்வை எழுதிவிடலாம். கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படிக்கிற வழக்கம் அதனால்தான் வந்தது. அந்தத் தீர்ப்பின்படி மூன்று வருஷம் என்பது பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கு. நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் சேரும். தொழில் செய்ததற்கு அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதித்துறை அதிகாரி சான்று தர வேண்டும், இல்லையென்றால் பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் தருகிற சான்றில் அப்படிப்பட்ட அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே நீதிபதியாக வேண்டும் என்று மனசில் இருந்தால் முதல் மூன்று வருஷத்தைக் கம்பெனியில் விட்டுவிடாதீர்கள். எந்தத் தேதி, எந்த கோர்ட், எந்த வழக்கு, என்ன செய்தோம் என்று முதல் நாளிலிருந்தே டைரியில் எழுதி வையுங்கள். சான்று கேட்டுப் போகிற அன்றைக்கு அந்த டைரிதான் உங்களுக்காகப் பேசும்.

வக்கீலாகப் பதிவு செய்கிற செலவுக்காக யாராவது பெரிய தொகை சொன்னால் ஏமாறாதீர்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சட்டத்தில் உள்ளதற்கு மேல் மாநில பார் கவுன்சில் வாங்கக்கூடாது. பொதுப் பிரிவுக்கு மொத்தம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு முன்னால் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது அகில இந்திய பார் தேர்வு. நூறு கேள்வி, தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. குறிப்பு எழுதாத மூலச் சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். தமிழிலும் எழுதலாம். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் பிரிவினருக்கு 40. இதற்குப் போய் கோச்சிங்குக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சென்னை, பெங்களூர் ஃபர்ம் இன்டர்வியூ பற்றி என் பழைய ஜூனியர்கள் சொன்னதில் உருப்படியானவை இவை. ரெஸ்யூமில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஐந்து நிமிஷம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் என்று எழுதியிருந்தால், "அங்கே என்ன செய்தாய்?" என்பார்கள். "ரிசர்ச் செய்தேன், டிராஃப்டிங் செய்தேன்" என்பது பதில் ஆகாது. எந்த மனு, எதிர்த்தரப்பு என்ன சொன்னது, என்ன ஆச்சு என்று சொல்ல வேண்டும், கட்சிக்காரர் பெயர் சொல்லாமல். பெயரைச் சொல்லிவிட்டால் அங்கேயே கதை முடிந்தது. நாளைக்குத் தங்கள் ரகசியத்தையும் இப்படித்தான் வெளியே சொல்லுவான் என்று நினைப்பார்கள். ரெஸ்யூமை சாட்ஜிபிடியிடம் எழுதச் சொன்னால் எல்லோருடையதும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. வாசிக்கிறவர் ஒரு நாளைக்கு நாற்பது பார்க்கிறார், அவருக்குத் தெரியாதா? அதைவிட மோசம், மாதிரி எழுத்துக்காக அனுப்பும் குறிப்பில் அது கற்பனையாக இட்டுக்கட்டிய தீர்ப்பு ஒன்று நுழைந்துவிடுவது. மேற்கோள் காட்டுகிற தீர்ப்பைத் திறந்து படிக்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

இங்கிலீஷ் பற்றி: தடுமாறினால் நிறுத்தி, மூச்சு விட்டு, சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். உச்சரிப்பு யாருக்கும் பிரச்சினை இல்லை. புரியாத கேள்விக்குப் புரிந்த மாதிரி பதில் சொல்வதுதான் பிரச்சினை. எழுத்து இங்கிலீஷ் வேறு விஷயம், அதில் சலுகை கிடையாது. தினமும் ஒரு தீர்ப்பை எடுத்துப் படித்து, வழக்கின் சங்கதியை மட்டும் பத்து வரியில் எழுதிப் பழகுங்கள். வேறெந்தப் பயிற்சியையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குற்றவியல் பக்கம் போகிறவர்களுக்கு இப்போது ஒரு நல்ல காலம் என்றே சொல்வேன். 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் என்று மூன்றும் மாறிவிட்டன. முப்பது வருஷ அனுபவமுள்ள சீனியரும் கொலைக்கு 302 என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு 103 என்று திருத்துகிறார். மோசடிக்கான 420 இப்போது 318-இன் நான்காம் உட்பிரிவு. முன்ஜாமீன் 438-இலிருந்து 482-க்குப் போய்விட்டது. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைச் சொல்லும் பழைய 482 இப்போது 528. இந்த ஒரு இடத்தில் மட்டும் புதுசாகப் படித்தவர் சீனியருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இன்டர்வியூவில் இதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள்: "2024 மே மாசம் நடந்த அடிதடி, ஜூலை கடைசியில்தான் புகார் கொடுக்கிறார். எந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர்.?" குற்றம் பழைய தண்டனைச் சட்டத்தின்படி, பதிவு செய்யும் நடைமுறை புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-இன்படி. குற்றம் எப்போது நடந்தது, நடைமுறை எப்போது தொடங்கியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் அங்கே சோதனை.

குற்றவியலில் ஆர்வம் இருந்து, வீட்டுச் சூழ்நிலையால் சம்பளமும் தேவை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். சட்ட உதவி எதிர்வாதி வக்கீல் திட்டம் என்று நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு) கொண்டுவந்த ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஏழைகளுக்காக செஷன்ஸ் வழக்கு வரைக்கும் நடத்துகிற முழுநேர ஆபீஸ் அது. அதில் உதவி வக்கீல் பணிக்கு அனுபவமே இல்லாதவரிலிருந்து மூன்று வருஷம் உள்ளவர் வரை விண்ணப்பிக்கலாம். தனியாக வழக்கு எடுக்கக்கூடாது, ஒப்பந்தப் பணி, நிரந்தரம் கிடையாது. ஆனால் ஒரு வருஷத்தில் அங்கே பார்க்கிற ஜாமீன் மனுக்களையும் குறுக்கு விசாரணையையும் சாதாரண ஆபீஸில் ஐந்து வருஷம் உட்கார்ந்தாலும் பார்க்க முடியாது. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அரசு உதவி வழக்குரைஞர் பதவிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் இது நல்ல அடித்தளம். அந்தப் பதவிக்குக் குற்றவியல் கோர்ட்டில் ஐந்து வருஷ அனுபவம் கேட்பார்கள். வங்கிச் சட்ட அதிகாரி வேலைக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு இருக்கிறது, அதற்கும் பார் கவுன்சில் பதிவு வேண்டும். இவற்றைப் பற்றி இணையத்திலேயே வண்டி வண்டியாக இருக்கிறது, நான் நீட்டவில்லை.

பெண் பிள்ளைகளிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "கல்யாணம் ஆனா போயிடுவியா?" நான் சேரும்போது என்னிடமும் கேட்டார்கள். பல வருஷம் கழித்து இப்போதும் அதே வார்த்தையில் கேட்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. கூடவே உட்கார்ந்திருக்கும் பையனிடம் இதைக் கேட்பதில்லை. அவனும்தான் துபாய்க்குப் போகப் போகிறான். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் வேலை வேண்டுமே என்றால், "இப்போதைக்கு அந்த யோசனை இல்ல சார், வழக்கு நடத்திக் கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு உடனே வேறு கேள்விக்குத் தாவுங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அவர் அதையே பிடித்துக்கொள்வார். சாயங்கால ஆபீஸ் எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா, கழிப்பறை இருக்கிறதா என்பதை நீங்கள் கேளுங்கள். அது உங்களுடைய இன்டர்வியூவும்தான். ஏற்கெனவே அங்கே ஒரு பெண் ஜூனியர் இருந்து விலகியிருந்தால் அவளைத் தேடிப் பிடித்து ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏன் விலகினாள் என்று கேளுங்கள். வேறு யார் சொல்வதையும்விட அவள் சொல்வதை நம்புங்கள்.

சேர்ந்த பிறகு முதல் வருஷம் சலிப்பாகத்தான் இருக்கும். காலையில் கோர்ட்டுக்குப் போய் வழக்கு அழைக்கும்போது எழுந்து வாய்தா வாங்குவது, நகல் மனுப் போடுவது, இ-ஃபைலிங்கில் ஸ்கேன் செய்து ஏற்றுவது, பெஞ்ச் கிளார்க்கிடம் அடுத்த தேதி கேட்டு டைரியில் எழுதுவது. "இதுக்கா அஞ்சு வருஷம் படிச்சேன்" என்று எல்லோருக்கும் தோன்றும். நான் முதலில் சேர்ந்த ஆபீஸில் ரொம்ப நாளைக்கு என்னை வாய் திறக்கவே விடவில்லை, வாய்தா கேட்பதைத் தவிர. அந்த ஆபீஸ் குமாஸ்தாதான் எனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவர். கோர்ட் ஃபீஸ் கணக்கு, வக்காலத்தில் எங்கே கையெழுத்து, சம்மன் திரும்பி வந்தால் என்ன செய்வது, கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற அமீனாவோடு இடத்துக்குப் போகும்போது எப்படிப் பேசுவது, எல்லாம் அவர்தான். உங்கள் ஆபீஸ் குமாஸ்தாவை ஐயா என்றே கூப்பிடுங்கள். வயசு குறைவாக இருந்தால் அண்ணே.

உங்கள் வழக்கு இல்லாத நேரத்தில் பார் அசோசியேஷன் அறையில் உட்காராதீர்கள். எந்தக் கோர்ட்டில் குறுக்கு விசாரணை நடக்கிறதோ அங்கே போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். சாட்சி சொன்ன முதல் விசாரணையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, நீங்களாக இருந்தால் என்ன கேட்பீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அந்த வக்கீல் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். அவர் கேட்காமல் விடுகிற கேள்விகளைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சில பெரியவர்கள் இரண்டே கேள்வியோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஏன் என்று சாயங்காலம் போய்க் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள், வேறு ஆபீஸ் ஜூனியராக இருந்தாலும்.

வெற்றுக் காகிதத்தில் கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் வாங்காதீர்கள். "அவசரத்துக்கு ஒரு அஃபிடவிட், நீயே அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்டுடு" என்று ஆள் வராமலே சொன்னால் போடாதீர்கள். பின்னால் பிரச்சினை வந்தால் சீனியரின் பெயர் அதில் இருக்காது, உங்கள் பதிவு எண்தான் இருக்கும்.

எப்போது விலகுவது என்று கேட்கிறார்கள். புதுசாக எதையும் கற்றுக்கொள்ளாமல் ஒரு அறுவடைக் காலம் போய்விட்டது என்றால், குறுவை ஆனாலும் சம்பா ஆனாலும், யோசிக்க ஆரம்பிக்கலாம். விலகும்போது சீனியரிடம் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்ஆப்பில் வேண்டாம். ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த வழக்குகளுக்கு அடுத்த தேதி, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, என்ன பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதி குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆபீஸ் கட்டு எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், நீங்களே டிராஃப்ட் செய்ததாக இருந்தாலும். கட்சிக்காரர் யாராவது பின்னாலேயே வந்து "நீங்களே நடத்துங்க தம்பி" என்றால், பழைய சீனியரிடம் சம்மதம் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள், அவருக்குத் தர வேண்டிய ஃபீஸ் பாக்கியை முதலில் தீர்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகே வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்.